கேசட்டில் பெய்த மழை

எனக்குக் கிடைத்த முதல் ஹெவி மெட்டல் இசைக் கேசட்டில் 'ஓரியன்' என்ற பாட்டு பாதியோடு நின்றுவிடும். கல்லூரி இரண்டாம் வருஷம், ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு போன சீனியர் ஒருவர் பக்கெட், கொசுவலை, டிராஃப்டர் இவற்றோடு சேர்த்து என் தலையில் கட்டிவிட்டுப் போன 90 நிமிஷ கேசட் அது. பக்கத்துக்கு 45 நிமிஷம். அட்டையில் பாட்டுப் பெயர் ஒன்றும் கிடையாது, பச்சை மையில் 'மெட்டல் - 1' என்று மட்டும் எழுதியிருந்தார். 'மெட்டல் - 2' எந்தப் புண்ணியவானுக்குப் போனதோ, இன்றுவரை தெரியாது.

ஏ பக்கத்தில் மெட்டாலிகா பாண்டின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. 1986 மார்ச்சில் வந்த ஆல்பம், மொத்தம் 54 நிமிஷம் 47 விநாடி. 45 நிமிஷத்துக்குள் அது எப்படி அடங்கும்? ஏழாவதாக வருவது 'ஓரியன்', பாட்டு வரியே இல்லாத எட்டரை நிமிஷ வாத்திய இசை. முதல் நாலு நிமிஷம் கிடார்கள் மிடுக்காக நடை போட்டுக்கொண்டிருக்கும், அப்புறம் சட்டென்று எல்லாம் அடங்கி, கிளிஃப் பர்ட்டனின் பேஸ் கிடார் (அடிச்சுருதி வாசிக்கிற கிடார்) மட்டும் ஊஞ்சல் ஆடுவது போல மெதுவாக ஒரு மெட்டை ஆரம்பிக்கும். ஆரம்பித்து இரண்டு மூன்று சுற்று வந்திருக்கும், டக். பட்டன் மேலே எகிறிவிடும். டேப் தீர்ந்தது.

மூன்று வருஷம் எனக்கு ஓரியன் என்றால் இவ்வளவுதான். வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் சிடி வாங்கிப் போட்டபோது, அந்த இடம் வந்ததும் என் கை தானாக டேப் ரெக்கார்டரைத் தேடிப் போனது, பக்கம் திருப்புவதற்கு. பாட்டு நிற்காமல் போனது. அந்த பேஸ் மேல் ஒரு கிடார் வந்து உட்கார்ந்தது, அதன் மேல் இன்னொன்று. நான் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கிளிஃப் பர்ட்டன் அந்த ஆல்பம் வந்த அதே வருஷம் செப்டம்பர் 27ஆம் தேதி ஸ்வீடனில் பேருந்து கவிழ்ந்து இறந்துபோனார், வயது 24. அவருடைய இறுதிச் சடங்கில் ஒலித்ததும் இதே ஓரியன்தான். அதை முழுசாக மேடையில் வாசிக்க மெட்டாலிகாவுக்கு 2006 வரை ஆயிற்று. எனக்கு மூன்று வருஷம்தான்.

சரி, பி பக்கம். அதில் ஸ்லேயர் பாண்டின் 'ரெய்ன் இன் பிளட்'. அதுவும் 1986, அக்டோபர். பத்துப் பாட்டு, மொத்தமாக 29 நிமிஷம்கூட நிறையாது, இரண்டு விநாடி குறைவு. முழு ஆல்பமும் ஒரு பக்கத்திலேயே அடங்கிவிட்டதால் கம்பெனி விற்ற கேசட்டிலேயே இரண்டு பக்கமும் அதையே போட்டுக் கொடுத்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. கேட்டு முடித்து, திருப்பிப் போட்டு, மறுபடி அதையே கேட்கலாம். இதைவிட நாணயமான வியாபாரம் உண்டா?

ஆனால் சீனியரின் கேசட்டில் 16 நிமிஷம் மிச்சம். ரெக்கார்டிங் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும் இந்த மிச்சத்தின் கதை. 60ஆ 90ஆ என்று கடைக்காரர் முதலில் கேட்பார், நாம் நீட்டிய பட்டியலைப் பார்ப்பார், மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, "தம்பி, இன்னும் எடம் இருக்கு, ரெண்டு மூணு பாட்டு எழுதிக் குடுங்க" என்பார். சீனியரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பார்போல. பிளாக் சப்பாத் பாண்டின் மூன்று பாட்டுகள், அதே பெயரில் 'பிளாக் சப்பாத்', 'அயர்ன் மேன்', 'பேரனாய்ட்', வரிசையாக இருந்தன.

இதில்தான் வேடிக்கை. ஸ்லேயர் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ரெய்னிங் பிளட்' வெறி பிடித்த மாதிரி ஓடி, உடைந்து, இடி இடித்து, அப்புறம் மழைச் சத்தமாக முடியும். பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பத்து முதல் பாட்டு மழைச் சத்தத்தில்தான் ஆரம்பிக்கும். மழை, தூரத்தில் ஒரு தேவாலய மணி. எனக்கு அட்டையில் பெயர் கிடையாது, இன்டர்நெட் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. இரண்டும் ஒரே மழை என்றே நினைத்துக்கொண்டேன். இருபத்தெட்டு நிமிஷம் பேய் மாதிரி அடித்த ஆட்கள், மழையில் நனைந்து, களைத்துப்போய் மெதுவாக வாசிக்கிறார்கள், பாடுகிறவருக்கும் தொண்டை கட்டிக் குரல் மாறிவிட்டது. அப்படித்தான் அந்தப் பக்கத்தை ஒரு வருஷம் கேட்டேன். நடுவில் 16 வருஷ இடைவெளி என்று தெரிந்தபோது ஏமாற்றமாகவே இருந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், தாம்பரத்தில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, கேசட்டின் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷமாக அந்த ரயிலில்தான் புதுசு பழசு எல்லா ஆல்பமும் ஓடுகிறது. கேட்கக் கேட்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது: இந்தப் பெரிய தலைகளுக்கு இடம் தீர்ந்துபோவதே இல்லையே, ஏன்?

பிளாக் சப்பாத்தையே எடுத்துக்கொள்வோம். 1969 அக்டோபரில் லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோவில் ஒரே நாளில் பதிவு செய்தது அவர்களுடைய முதல் ஆல்பம். மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்தார்கள், மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த கச்சேரிக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த மழையும் மணியும் பிறகு சேர்த்தவை. 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை வெளியானது, 38 நிமிஷம். எனக்குத் தெரிந்து ஒரு நாள் கூலிக்கு இவ்வளவு பெரிய வீடு கட்டியவர்கள் வேறு யாரும் இல்லை.

அவர்களுடைய கிடார்காரர் டோனி அயோமியின் விரல் கதை மெட்டல் கேட்கிற எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எனக்குச் சொல்லி அலுக்காது. பர்மிங்ஹாமில் தகடு அடிக்கிற ஆலையில் வேலை, வயது 17. பாண்டோடு சேர்ந்து ஊர் சுற்றப் போகிறோம் என்று வேலையை விட்டாயிற்று, அன்றைக்குக் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனி போகவில்லை என்றிருக்கிறார். அம்மா, எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். போனார். இயந்திரம் வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் வாங்கிக்கொண்டது. இடது கைப் பழக்கக்காரர் என்பதால் கிடாரில் கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவ பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, அதன் மேல் தோல் துண்டு ஒட்டி மாட்டிக்கொண்டார். தடிமனான கம்பி வலித்தது, மெல்லிசான கம்பி போட்டார். 1971இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' வந்தபோது கம்பியின் முறுக்கைத் தளர்த்தி சுருதியையே மூன்று அரைச்சுரம் கீழே இறக்கிவிட்டார். இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் எந்தப் பையன் கிடாரைக் கீழ்ச் சுருதிக்கு இறக்கி 'தம்' என்று ஒரு அடி அடித்தாலும் அதற்குள் அந்தத் தகடு ஆலை இருக்கிறது.

முதல் ஆல்பத்துக்கு அடுத்தது 'பேரனாய்ட்', அதே 1970 செப்டம்பர். அந்தத் தலைப்புப் பாட்டு எப்படி வந்தது தெரியுமா? ஆல்பம் முடிந்துவிட்டது, நீளம் கொஞ்சம் போதவில்லை, இன்னும் ஒரு மூன்று நிமிஷம் வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அயோமி அந்த ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கை, பிடித்தார், பேஸ் வாசிக்கும் கீசர் பட்லர் அவசரமாக வரிகளை எழுதினார், கால் மணி அரை மணியில் பாட்டு ரெடி. அதுதான் இங்கிலாந்து பட்டியலில் நாலாம் இடம் வரை போனது. ஆல்பத்துக்கு முதலில் 'வார் பிக்ஸ்' என்று பெயர் வைத்து, கத்தியும் கேடயமுமாக ஒரு ஆளை அட்டைப் படத்துக்கு நிறுத்தி எடுத்திருந்தார்கள். பெயரை மாற்றினார்கள், அட்டையை மாற்றவில்லை. அதனால்தான் அந்த ஆள் எதற்குக் கத்தியோடு ஓடுகிறார் என்று ஐம்பது வருஷமாக யாருக்கும் விளங்கவில்லை.

மிச்ச இடத்தை நிரப்ப எழுதிய பாட்டு. என் கேசட்டில் வந்து சேர்ந்ததும் மிச்ச இடத்தை நிரப்பத்தான். இது எனக்கு உறைக்கவே இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

2025 ஜூலை 5, பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் அவர்களுடைய கடைசிக் கச்சேரி. இங்கே நடுராத்திரி தாண்டிவிட்டது, சத்தத்தைக் குறைத்து வைத்து ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடகர் ஆஸி ஆஸ்போர்னால் எழுந்து நிற்க முடியவில்லை. கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்தபடியே பாடினார், எழுந்துவிட வேண்டும் என்று உடம்பு முன்னும் பின்னும் தவித்துக்கொண்டே இருந்தது. ஆரம்ப காலத்து நால்வரும் சேர்ந்து வாசித்தது நாலே பாட்டு. கடைசி 'பேரனாய்ட்'. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22, ஆஸி இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. 76 வயது. அன்றைக்கு ரயிலில் நான் எதையும் போட்டுக் கேட்கவில்லை.

எல்பி தட்டு ஒன்றில் ஒரு பக்கத்துக்கு இருபது இருபத்திரண்டு நிமிஷம்தான் ஒழுங்காகக் கொள்ளும். அதற்கு மேல் திணித்தால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் குறையும், பேஸ் மெலியும். அந்தக் காலத்து ஆல்பங்கள் நாற்பது நிமிஷத்தில் நிற்பதற்கு இசைக்கலைஞர்களின் அடக்கம் ஒன்றும் காரணமில்லை, சாமான் அவ்வளவுதான். அப்புறம் சிடி வந்தது. 74 நிமிஷம், தம் கட்டினால் 79. மெட்டாலிகாவைப் பாருங்கள்: 1988இல் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்', 65 நிமிஷம், எல்பியில் இரண்டு தட்டு. (பர்ட்டனுக்குப் பதிலாக வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் அதில் காதிலேயே விழாது, அது தனிப் பஞ்சாயத்து.) 1996இல் 'லோட்', 78 நிமிஷம் 59 விநாடி. சிடியில் இடமே இல்லாமல் போய், 'தி அவுட்லா டார்ன்' என்ற கடைசிப் பாட்டில் ஒரு நிமிஷத்தை நறுக்கித்தான் உள்ளே அடைத்தார்கள். எண்பது நிமிஷம் கொடுத்தாலும் பற்றாதவர்களுக்கு இப்போது ஸ்ட்ரீமிங்கில் எல்லையே இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

'72 சீசன்ஸ்' ஆகும். 2023 ஏப்ரல், 12 பாட்டு, 77 நிமிஷம். பிறந்ததிலிருந்து முதல் 18 வயது, வருஷத்துக்கு நாலு பருவம், ஆக 72. தலைப்பு பிரமாதம். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அறுபதை நெருங்கும் வயதில் தன் பிள்ளைப்பிராயத்தை இவ்வளவு வெளிப்படையாகக் கிளறியிருப்பதும் பெரிய விஷயம். 'லக்ஸ் இட்டெர்னா' மூன்றரை நிமிஷத்துக்குள் பாய்ந்து முடிகிறது, முதல் ஆல்பம் வந்த 1983இல் செய்த மாதிரியே இருக்கிறது. கடைசியில் வரும் 'இனமொராட்டா' 11 நிமிஷம் 10 விநாடி, அவர்கள் பதிவு செய்த சொந்தப் பாட்டுகளிலேயே நீளமானது. ஆனாலும் அதில் ஒரு விநாடிகூட எனக்கு உறுத்தவில்லை, நடுவில் எல்லாம் ஓய்ந்து பேஸ் தனியாக நடக்கிற இடத்தில் எனக்கு ஓரியன் ஞாபகம் வந்தது. பிரச்சினை இரண்டுக்கும் நடுவில். எல்லாப் பாட்டும் ஒரே நடை, ஆறு நிமிஷம், ஆறே முக்கால், ஏழு. சைதாப்பேட்டையில் கேட்ட ரிஃப் எழும்பூர் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. கெட்ட பாட்டு என்று எதையும் சொல்ல முடியாது. "இது வேண்டாமே" என்று சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை போலிருக்கிறது.

அயர்ன் மெய்டன் பாண்டின் 'செஞ்சுட்சு'வும் இதே ரகம். 2021, கிட்டத்தட்ட 82 நிமிஷம், இரண்டு சிடி. கடைசி மூன்று பாட்டும் பேஸ் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ் எழுதியவை, ஒவ்வொன்றும் பத்து நிமிஷத்துக்கு மேல். எனக்கு மெய்டனை ரொம்பப் பிடிக்கும், அதனால் கோபமும் அதிகம். இதே ஹாரிஸ்தான் 1984இல் 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்தில் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கடற்பயணக் கவிதையை எடுத்து 13 நிமிஷத்துக்கு மேல் ஒரு பாட்டு செய்தார். அதில் நடுவே கப்பல் மட்டும் அசைகிற மாதிரி மரம் முனகும் சத்தம், பேஸ், கிசுகிசுப்பான ஒரு குரல், அவ்வளவுதான். அந்த அமைதி முடிந்து பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் குரல் எழும்பும்போது இப்போது கேட்டாலும் முடி சிலிர்க்கும். நீளம் குற்றமில்லை. ஆனால் பவர்ஸ்லேவில் அப்படி ஒரு பாட்டு, கடைசியில், விருந்தில் பாயசம் மாதிரி. செஞ்சுட்சுவில் மூன்று டம்ளர் பாயசம் வரிசையாக. 'ஹெல் ஆன் எர்த்' வந்து சேரும்போது நான் களைத்துவிடுகிறேன், அந்த ஆல்பத்தின் ஆகச் சிறந்த பாட்டு அதுதான் என்பது இன்னும் வயிற்றெரிச்சல்.

இதே தலைமுறையில் கணக்காக இருப்பவர்கள் ஜூடாஸ் ப்ரீஸ்ட். 1980இல் 'பிரிட்டிஷ் ஸ்டீல்', 36 நிமிஷம். ஒரு காலத்தில் பீட்டில்ஸ் ஜான் லெனன் வீடாகவும் பிறகு ரிங்கோ ஸ்டார் வீடாகவும் இருந்த டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் மாளிகையில் பதிவு செய்தார்கள். பதிவு செய்த சத்தத்தைப் பட்டனில் ஒலிக்க வைக்கும் சாம்ப்ளர் எல்லாம் கைக்கு வராத காலம். 'பிரேக்கிங் தி லா'வில் கண்ணாடி உடைகிற சத்தம் வேண்டுமா, வாசலில் வந்த பால் பாட்டிலை எடுத்து உடைத்தார்கள். 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இயந்திர மனிதர்கள் நடக்கிற சத்தத்துக்கு, சமையலறையிலிருந்து கரண்டி முள்கரண்டி வைக்கும் தட்டைத் தூக்கி வந்து குலுக்கினார்கள். அடுத்த தடவை கேட்கும்போது கவனியுங்கள், உலகத்தை நசுக்க வரும் இரும்பு அரக்கர்களின் காலடியில் கரண்டி கிலுகிலுக்கும். நான் இதைச் சொன்னதிலிருந்து வீட்டில் அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் கரண்டி ஸ்டாண்டு விழுந்தால் என் மனைவி "மெட்டல் காட்ஸ்" என்கிறாள்.

2024 மார்ச்சில் வந்த 'இன்வின்சிபிள் ஷீல்ட்' 52 நிமிஷம். பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது வயது 72. முதல் பாட்டு 'பேனிக் அட்டாக்'கில் அந்தக் குரல் மேலே போகிற உயரத்தைக் கேட்டுவிட்டு, மூச்சு வாங்குகிறதே என்று நான் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டிருப்பது அசிங்கமாக இருந்தது. கிடார் வாசிக்கும் க்ளென் டிப்டனுக்கு பார்க்கின்சன் நோய் என்று 2018இல் வெளியே சொன்னார்கள், மேடை ஏறுவது குறைந்துவிட்டது, ஆனாலும் இந்த ஆல்பத்தின் பாட்டுகளில் அவர் கை இருக்கிறது. அவர் இடத்தில் மேடையில் வாசிக்கிற ஆண்டி ஸ்னீப்தான் ஆல்பத்துக்குத் தயாரிப்பாளரும். ப்ரீஸ்டைக் கேட்டே வளர்ந்த ஆள். ஒரு ரசிகனைக் கூடத்தில் உட்கார வைத்துக்கொள்வதில் இருக்கிற சௌகரியம் என்று நினைக்கிறேன், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது.

ஸ்வீடன் பாண்ட் ஓபெத் வேறு மாதிரி. அவர்களை எனக்கு அறிமுகம் செய்தது 2001இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்'. உறுமலும் தேன் மாதிரி குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறது என்று நம்ப ஒரு வாரம் ஆயிற்று. 2008க்குப் பிறகு அந்தப் பாடகர் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட் ஆல்பங்களில் உறுமுவதையே விட்டுவிட்டார். நானும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன், பழைய நண்பன் திடீரென்று சைவம் ஆனபின் அவன் வீட்டு விருந்துக்குப் போவது மாதிரி. 2024 நவம்பரில் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்'. 16 வருஷம் கழித்து உறுமல் திரும்ப வந்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம், பெரிய வீட்டுப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், வாரிசுகளைக் கூட்டி உயில் வாசிக்கிறார்கள், வாசிக்க வாசிக்கக் குடும்ப ரகசியம் ஒவ்வொன்றாகச் சந்திக்கு வருகிறது. நம் ஊரில் இந்தக் கதையை எத்தனை தடவை பார்த்திருப்போம்! பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது, உயில் பத்தி மாதிரி ஒன்று முதல் ஏழு வரை எண்தான், கடைசிப் பாட்டுக்கு மட்டும் பெயர். செத்தவர் உயிலில் பேசும்போதுதான் உறுமல் என்பது யோசித்துச் செய்த வேலை. நடுவில் ஜெத்ரோ டல் பாண்டின் இயன் ஆண்டர்சன் வந்து புல்லாங்குழலும் வாசிக்கிறார், வக்கீல் குமாஸ்தா மாதிரி நிதானமாகப் பேசவும் பேசுகிறார். 51 நிமிஷம். பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் ஆபீஸ் வாசலில் முடிகிறது.

அப்புறம் 2024இல் எனக்குப் பிடித்ததிலேயே உச்சம், பிளட் இன்கான்டேஷன் பாண்டின் 'அப்சல்யூட் எல்ஸ்வேர்'. அமெரிக்கா, டென்வர் நகரத்து டெத் மெட்டல் ஆட்கள், உறுமலும் அடிதடியுமான மெட்டல் அது. இதற்கு முன் 2022இல் டிரம்ஸும் உறுமலும் இல்லாமல் வெறும் சிந்தசைசர் ஆல்பம் ஒன்று போட்டு ரசிகர்களைத் தலை சொறிய வைத்தவர்கள். இந்த ஆல்பத்துக்கு பெர்லினில் ஹான்சா ஸ்டூடியோவுக்குப் போனார்கள், டேவிட் போவி எழுபதுகளில் பதிவு செய்த இடம். மொத்தம் இரண்டே பாட்டு, 'தி ஸ்டார்கேட்', 'தி மெசேஜ்'. ஒவ்வொன்றும் மூன்று பலகை என்று பிரித்திருக்கிறார்கள், சுமேரியக் களிமண் பலகை மாதிரி. 20 நிமிஷம் ஒன்று, 23 நிமிஷம் இன்னொன்று. எல்பியில் பக்கத்துக்கு ஒரு பாட்டு. என் கேசட்டில் ஒரு பக்கத்தில் முழுசாக அடங்கி, மேலும் ஒரு நிமிஷம் மிஞ்சும்!

முதல் தடவை கேட்டபோது குரோம்பேட்டையில் ஒரே அடிதடி, டிரம்ஸ் கொட்டுகிறது, பாடகர் பால் ரீட்ல் கிணற்றுக்குள்ளிருந்து கத்துகிறார். மீனம்பாக்கம் வரும்போது அத்தனையும் அப்படியே கரைந்து, சிந்தசைசர் மட்டும் ஓடுகிறது, டாஞ்சரின் ட்ரீம் குழுவின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் வந்து வாசித்த பகுதி அது. ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதையில் ஒரு விமானம் ஏறுகிறது. இயர்ஃபோனில் இருக்கிறது பாட்டா, ரயில் நின்றுவிட்டதா, எனக்குக் குழம்பிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் நான் சிரிப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார், ஒரு காதுக்குக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, தூக்கம் வருது" என்றார். சரியாக அந்த நேரம் பார்த்து டெத் மெட்டல் திரும்ப வந்தது. அவர் இயர்ஃபோனைப் பிடுங்கிய வேகம் கண்ணிலேயே நிற்கிறது.

சின்னதாக இருந்தால்தான் நல்லது என்கிறேனா? அப்படியும் சொல்ல முடியவில்லை. ஸ்லீப் என்ற பாண்டின் 'டோப்ஸ்மோக்கர்' என்று ஒன்று இருக்கிறது, ஒரே பாட்டு, 63 நிமிஷம், அயோமியின் ரிஃப் ஒன்றை எடுத்து ஒட்டகத்தின் மேல் ஏற்றிப் பாலைவனத்தில் ஓட்டிவிட்ட மாதிரி நகரும். எனக்கு அதுவும் பிடிக்கும், ஒரு நிமிஷம் குறைக்கச் சொல்ல மாட்டேன். இன்னொரு கோடியில் நேபாம் டெத், இவர்களும் பர்மிங்ஹாம் பக்கம்தான், அந்த ஊர்த் தண்ணீரில் என்னவோ இருக்கிறது. 1987இல் 'ஸ்கம்' ஆல்பம், 33 நிமிஷத்தில் 28 பாட்டு, அதில் 'யூ சஃபர்' என்ற பாட்டின் நீளம் 1.316 விநாடி. உலகத்திலேயே சின்னப் பாட்டு என்று கின்னஸில் ஏறியது. தும்மினால் தவறிவிடும்.

வீட்டில் மகள் ஸ்லீப் டோக்கன் கேட்கிறாள், முகமூடி போட்டுக்கொண்டு பெயரே சொல்லாமல் வாசிக்கிற லண்டன்காரர்கள். 2025 மே மாதம் வந்த 'ஈவன் இன் ஆர்கேடியா' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம், அதற்கு இரண்டு வாரம் முன்னால் கோஸ்ட் பாண்டின் 'ஸ்கெலெட்டா'வும் முதலிடம். இரண்டும் முகமூடிக் கூட்டம். எனக்கு ஸ்லீப் டோக்கனில் மெட்டல் எப்போது வரும் என்று பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல இருக்கிறது, வந்தால் நல்ல பஸ்தான். இந்தப் பிள்ளைகள் எல்லாம் பிளேலிஸ்டில் குலுக்கிப் போட்டுக் கேட்கிறவர்கள் என்று நினைத்து அவளிடம் உபதேசம் ஆரம்பித்தேன். "இல்லப்பா, இத முதல்லருந்து வரிசையாத்தான் கேக்கணும், கதை இருக்கு" என்றாள், என்னமோ நான்தான் குலுக்கிப் போடுகிறவன் மாதிரி. சரி, ஒத்துக்கொண்டேன். பத்துப் பாட்டையும் வரிசையாக அவளோடு உட்கார்ந்து கேட்டேன். முதல் பாட்டு நன்றாகவே இருந்தது.

பதிலுக்கு அவளுக்கு '72 சீசன்ஸ்' கேட்கக் கொடுத்தேன். நாலு பாட்டில் எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ரெக்கார்டிங் கடைக்காரர் மாதிரி பேப்பரில் கணக்குப் போட்டேன். தலைப்புப் பாட்டு, 'ஷேடோஸ் ஃபாலோ', 'ஸ்க்ரீமிங் சூசைட்', 'லக்ஸ் இட்டெர்னா', 'டூ ஃபார் கான்', 'ரூம் ஆஃப் மிரர்ஸ்', கடைசியில் 'இனமொராட்டா' முழுசாக. ஏழு பாட்டு. 44 நிமிஷம் 1 விநாடி. மறுநாள் ரயிலில் போட்டேன், அருமையான ஆல்பம்! மகளிடம் காட்டினால், "அவங்க ஆல்பத்த வெட்ட நீங்க யாருப்பா?" என்கிறாள். கேள்வி நியாயம்தான். ஆனால் ஓரியனை வெட்டியவரை நான் இன்னும் கேட்டுக்கொண்டா இருக்கிறேன்.

பக்கத்தில் இன்னும் 59 விநாடி மிச்சம் இருக்கிறது. 'யூ சஃபர்' 44 தடவை போடலாம்.